படமும் பதிவும்: காவிரிப் படுகையின் மரபுச் செல்வங்களும் மின்னாக்கமும்

அருங்காட்சியகங்களிலும் கோயில்களிலும் சுவடி நூலகங்களிலும் உள்ள மரபுச் செல்வங்களைப் படமெடுத்தும் வருடியும் கணினியில் சேமிக்கும் பணி இன்று மின்னாக்கம் எனப்படுகிறது. தமிழகத்தில் இப்பணி கடந்த இருபது ஆண்டுகளில் பெரிதும் வளர்ந்துள்ளது என்றாலும், வருடிய பக்கங்கள் எத்தனை, எடுத்த படங்கள் எவ்வளவு துல்லியம் என்னும் கணக்கைக் கொண்டே அதன் வெற்றி பெரும்பாலும் மதிப்பிடப்படுகிறது. தஞ்சாவூரும் அதைச் சூழ்ந்த காவிரிப் படுகையும் தரும் சான்றுகளை நோக்கினால் இந்த அளவுகோல் போதாது என்பது புலனாகும். ஒரு பொருளைப் பாதுகாப்பதும், களவுபோனால் மீட்டுத் தருவதும், அதன் பொருளை விளங்கவைப்பதும் தனித்து நிற்கும் படம் அன்று. அப்பொருள் என்ன, எந்த ஊரது, என்ன அளவினது, யார் அளித்தது, வேறு எந்த ஆவணங்களில் இடம்பெறுகிறது என்பவற்றைச் சொல்லும் விவரப் பதிவே ஆகும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இத்தகைய பதிவுமுறை தஞ்சைக்குப் புதியதன்று. இராசராசன் எடுப்பித்த பெரிய கோயிலின் கல்வெட்டுகள், 1891 முதல் ஹுல்ட்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அச்சேறின. அவற்றை மன்னனின் புகழ்பாடும் மெய்க்கீர்த்தியாக மட்டும் படிப்போர் அவற்றின் பெரும்பகுதி ஒரு பொருட்பட்டியல் என்பதைக் கவனிப்பதில்லை. கோயிலுக்கு அளிக்கப்பட்ட ஒவ்வொரு செப்புத் திருமேனிக்கும் அதன் பெயர், கைகளின் எண்ணிக்கை, பாதம் முதல் கேசம் வரையிலான உயரம் முழம், விரல், தோரை என்னும் அளவுகளில், கனமாக வார்த்ததா உள்ளீடற்றதா என்ற குறிப்பு, பத்மம், பீடம், பிரபை ஆகியவற்றின் தனி அளவு, அளித்தவர் பெயர், ஆட்சியாண்டு என யாவும் முறையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அணிகலன்களைப் பற்றிய பதிவு இன்னும் நுட்பமானது. பொன்னை நிறுத்தது ஆடவல்லான் என்னும் கல், அணிகலனை நிறுத்தது தட்சிணமேருவிடங்கன் என்னும் கல் என்று எடைக்கல் வரை அது பெயர் சுட்டுகிறது. ஓர் அணியில் கோத்த முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, சப்பத்தி, சக்கத்து என வகை பிரித்து, குளிர்ந்த நீரும் சிவந்த நீரும் உடையவை எனச் சாயல் வேறுபாட்டையும் குறித்து, எடையில் அரக்கும் சேர்ந்ததா என்பதையும் தெளிவாக்குகிறது. ஒரு பொருளை அதையொத்த வேறொரு பொருளிலிருந்து பிரித்தறிவதற்குரிய விவரம் எதுவோ அதைத் தவறாமல் எழுதவேண்டும் என்ற தெளிவு அந்தக் கோயில் கணக்கர்களுக்கு இருந்தது. இன்றைய அருங்காட்சியக மின்தரவுகள் பலவற்றில் 'நடராசர், செம்பு, சோழர் காலம்' என்ற அளவில் நிற்கும் குறிப்புகளை இவற்றின் அருகே வைத்துப் பார்த்தால், கருவி வளர்ந்த அளவுக்குக் கவனம் வளரவில்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

அக்கல்வெட்டுகள் குறிப்பிடும் திருமேனிகளில் பெரும்பாலானவை இன்று கோயிலில் இல்லை. கோயில் அதிகாரியான ஆதித்தன் சூரியன் என்னும் தென்னவன் மூவேந்த வேளான் எழுந்தருளுவித்த இராசராசன், அவன் தேவி உலோகமாதேவி ஆகியோரின் திருமேனிகளாகக் கருதப்பட்டவை அகமதாபாத்திலிருந்த ஒரு தனியார் அருங்காட்சியகத்திலிருந்து 2018இல் மீட்கப்பட்டபோது, கல்வெட்டு தரும் உயர அளவுகள் அடையாளச் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டன. அவை அதே திருமேனிகள்தாமா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இருந்ததில்லை. ஆயினும் ஏற்போரும் மறுப்போரும் விவாதிக்க ஒரு பொது அடிப்படை கிடைத்ததே அந்தப் பதிவினால்தான். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு பொருளின் அடையாளத்தை ஆராய இடம்தரும் ஆவணம் என்றால் அது இத்தகையதாகவே இருக்க முடியும்.

பதிவு இருந்த பொருளுக்கும் இல்லாத பொருளுக்கும் நேர்ந்த கதியை ஒப்பிட இப்படுகையே போதிய சான்று தருகிறது. திருவாரூர் மாவட்டத்துப் பத்தூரில் 1976இல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட நடராசர் திருமேனி அது இன்னதென்று யாரும் பதிவுசெய்யும் முன்பே கைமாறி, 1982இல் லண்டனில் விற்கப்பட்டது. படமோ பட்டியலோ இல்லாத நிலையில், அதே இடத்தில் கிடைத்த பிற திருமேனிகளோடு அதன் கலைப்பாணியையும், அதில் ஒட்டியிருந்த மண்ணையும், கரையான் தடங்களையும் ஒப்பிட்டு வாதாட வேண்டியிருந்தது. கோயிலே வழக்குத் தொடுக்கத் தக்க சட்ட உருவம் என்பதை ஆங்கிலேய நீதிமன்றம் ஏற்ற அவ்வழக்கு மேல்முறையீட்டையும் கடந்து 1991இல்தான் நிறைவுற்றது. இதற்கு மாறாக, தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள அனந்தமங்கலம் இராசகோபாலசுவாமி கோயிலிலிருந்து 1978இல் களவுபோன இராமர், இலக்குவன், சீதை திருமேனிகளைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1958இலேயே படமெடுத்து, எந்த ஊர்க் கோயிலில் எப்போது எடுத்தது என்ற குறிப்போடு காத்துவந்தது. விற்பனைக்கு வந்த படத்தை அந்தப் பழைய படத்தோடு ஒப்பிட்டு அடையாளம் கண்டதன் விளைவாக, அவை 2020 செப்டம்பரில் லண்டனிலுள்ள இந்தியத் தூதரகத்திடம் ஒப்படைக்கப்பட்டன. கொள்ளிடத்துக்கு வடக்கேயுள்ள ஸ்ரீபுரந்தான் நடராசர் 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தால் வாங்கப்பட்டு 2014இல் திரும்பியதற்கும் அதே நிறுவனம் 1994இல் எடுத்த படம் முதன்மைச் சான்றாயிற்று.

1955இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனத்தின் படத்தொகுப்பில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. அவற்றை எடுத்த கருவிகள் இன்றைய கைப்பேசி ஒளிப்படக் கருவிக்கும் ஈடாகா. ஆனால் ஒவ்வொரு படத்தின்மேலும் ஊரும் கோயிலும் நாளும் எழுதப்பட்டிருந்தன. அந்தக் குறிப்பு இல்லாதிருந்தால் அனந்தமங்கலத்து இராமர் இன்றும் ஒரு வணிகரின் பட்டியலில் 'தென்னிந்திய வெண்கலம்' என்ற பெயரோடு மட்டுமே இருந்திருப்பார். மின்னாக்கம் இங்கே ஆற்றிய பணி, ஒரு நிலைப்பேழைக்குள் இருந்த அந்தக் குறிப்பை உலகின் எந்த மூலையிலிருந்தும் தேடக்கூடியதாக்கியதே ஆகும். பணி பெரிதுதான், ஆனால் தேடுவதற்குரிய குறிப்பை அது தானாகப் படைத்துவிடவில்லை.

கோயில் திருமேனிகளின் படங்களையும் அளவுகளையும் வெளியிடுவது கள்வருக்கு வழிகாட்டுவதாகும் என்று ஒரு மறுப்பு நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பூட்டும் காவலும் இல்லாத சிற்றூர்க் கோயில்கள் இப்படுகையில் ஏராளம். ஆயினும் நடந்த களவுகளைப் பார்க்கும்போது, எந்தக் கோயிலில் என்ன இருக்கிறது என்பது கள்வருக்கும் இடைத்தரகருக்கும் முன்பே தெரிந்திருந்தது, தெரியாமலிருந்தவர்கள் ஆய்வாளரும் நீதிமன்றமும் ஊராருமே என்பது விளங்கும். மறைப்பு, பொருளைக் களவிலிருந்து காப்பதில்லை. களவுக்குப் பின் அதை உரிமைகோர இயலாமல் செய்துவிடுகிறது. திருமேனி வைக்கப்பட்டுள்ள அறை, காவல் ஏற்பாடு ஆகியவற்றை மட்டும் மறைத்து, ஏனைய விவரங்களை வெளியிடுவதே நடைமுறைக்கு ஏற்ற வழி.

முப்பரிமாண வருடல் இதனினும் கவனமாகக் கையாளத்தக்கது. ஒரு பொருளைப் பல கோணங்களில் படமெடுத்து, அப்படங்களுக்கிடையிலான ஒற்றுமைப் புள்ளிகளிலிருந்து அதன் வடிவைக் கணினி கணித்தெடுப்பது இம்முறையின் ஒரு வகை. சுவாமிமலைச் சிற்பிகள் இன்றும் கையாளும் மெழுகு வார்ப்பில் ஒவ்வொரு வார்ப்புக்கும் மண் கருவை உடைக்க வேண்டியிருப்பதால், இரண்டு திருமேனிகள் முற்றிலும் ஒன்றாக அமைவதில்லை. ஆகவே வடிவத்தை நுட்பமாக அளந்து வைத்தால் மூலத்தையும் படியையும் பிரித்தறிய முடியும். கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தில் 1950களில் பழுதுபார்க்கக் கொடுத்த நடராசருக்குப் பதிலாக ஒரு படி திரும்பிவந்து, அதற்கே பூசை நடந்ததும், கலை வரலாற்றறிஞர் டக்ளஸ் பாரெட் 1965இல் தம் நூலில் சுட்டிய பிறகே செய்தி வெளியில் பரவியதும், மூலத் திருமேனி அமெரிக்காவின் நார்டன் சைமன் நிறுவனத்திடமிருந்து 1986இல் திரும்பியதும் அறியப்பட்டவை. அன்று ஓர் அளவுப்பதிவு இருந்திருந்தால் மாற்றம் கோயில் வாயிலிலேயே பிடிபட்டிருக்கும். அதே வேளையில், அச்சாகவும் வார்ப்பாகவும் மாற்றத்தக்க முழு முப்பரிமாணத் தரவு தவறான கையில் சேர்ந்தால், 1950களின் சிற்பியால் இயலாத துல்லியத்தோடு போலி செய்ய அதுவே உதவும். எனவே ஒளிப்படத்தையும் விவரத்தையும் திறந்துவைத்து, முழு வடிவத் தரவைக் காப்பில் வைக்கும் இருநிலை முறை தேவை.

ஓவியங்களின் நிலை வேறு. பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உட்சுற்றில் நாயக்கர் கால ஓவியங்களின் அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை எஸ். கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்தார். அப்பாதை மிகக் குறுகியது. சுந்தரர் வரலாறும் திரிபுராந்தகரும் தீட்டப்பட்ட உயர்ந்த சுவரை முழுமையாகக் காணுமளவுக்குப் பின்வாங்கி நிற்க அங்கே இடமில்லை. பகுதி பகுதியாகப் படமெடுத்துக் கணினியில் இணைத்தபோதுதான் ஒரு சுவர் முழுவதும் ஒரே பார்வைக்குள் வந்தது. பொதுமக்கள் செல்ல முடியாத இடத்தை மின்னாக்கம் திறந்துவிட்டது என்பதோடு, நேரில் நிற்பவரும் பெற இயலாத ஒரு பார்வையை அது அளித்தது. படமே தனித்துப் பெரும்பயன் தரும் இடம் இது. இதை ஒப்புக்கொள்வது மேற்சொன்ன வாதத்துக்கு முரணாகாது.

சரஸ்வதி மகால் நூலகத்துக்கு வந்தால் படத்தின் எல்லை மீண்டும் தெரிகிறது. நாயக்கர் காலத்தில் தோன்றி, இரண்டாம் சரபோசி (1798–1832) காலத்தில் செழித்து, 1918இல் பொதுநூலகமான இந்நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்குப் பர்னெல் 1880இல் பட்டியல் வெளியிட்டார். இன்றும் அச்சுவடிகளைத் தேடுவோர் அந்தப் பட்டியல் மரபின்மேல்தான் நிற்கின்றனர். இங்குள்ள மராட்டிய அரசின் மோடி ஆவணங்களை எடுத்துக்கொள்க. மோடி என்பது எழுதுகோலை எடுக்காமல், சொற்களுக்கிடையே இடைவெளியின்றி விரைந்தெழுதும் எழுத்து. அதைப் படிக்க வல்லோர் மிகச் சிலர். எவ்வளவு தெளிவாக வருடினாலும் அப்பக்கம் பெரும்பாலோருக்கு ஊமையே. தமிழ்ப் பல்கலைக்கழகம் 1989இல் வெளியிட்ட மோடி ஆவணத் தமிழாக்கத் தொகுதிகளே அவற்றில் ஒரு பகுதியைப் பேசவைத்தன. தமிழ் ஓலைகளிலோ புள்ளி இடப்படுவதில்லை. குறில் எகரமும் நெடில் ஏகாரமும் வேறுபடுவதில்லை. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவில் அமைவதுண்டு. எழுத்துணரி, அதாவது படத்திலுள்ள எழுத்தைக் கணினி உரையாக மாற்றும் மென்பொருள், இத்தகைய ஓலையில் தடுமாறுவது இயல்பு. சொற்பொருள் அறிந்த சுவடிப் புலவர் ஒருவர் அருகிருந்து திருத்தினாலன்றி அது தரும் உரை நம்பத்தக்கதாகாது. வருடி வாங்க நிதி ஒதுக்குவோர் சுவடி படிக்கப் பயிற்றுவிப்பதற்கும் ஒதுக்கவேண்டும் என்பதைத் திரும்பத் திரும்ப வலியுறுத்த வேண்டியுள்ளது.

கணினியைத் தமிழ்க் கல்வெட்டாய்வில் பயன்படுத்தியதன் தொடக்கமே விவரப் பதிவில்தான் அமைந்தது. நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகியோர் கணினியின் துணையால் தொகுத்த சோழர் கல்வெட்டு ஆட்பெயர்த் தொகுதிகள் 1978இல் வெளிவந்தபோது அவற்றில் ஒரு படமும் தேவைப்படவில்லை. பெயர்களை நாடு, ஆட்சியாண்டு, பட்டம் என வகுத்து அடுக்கியதே சோழர் அதிகார அமைப்பைப் புதிதாக விளங்கவைத்தது. அதற்கு முன் 1973இல் சுப்பராயலு சோழநாட்டின் நாடுகளை வரைபடத்தில் நிலைநிறுத்தியிருந்தார். இவ்விரண்டையும் இணைத்து மேலே செல்ல இன்று வழியுண்டு. பெரிய கோயிலில் குடியமர்த்தப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் ஆடல் மகளிரின், பட்டியல், ஒவ்வொருவர் பெயர், அவர் வந்த ஊர், அவ்வூர்க் கோயில், தஞ்சையில் குடியிருந்த தெரு, சிறகு, வீட்டு வரிசை ஆகியவற்றைத் தருகிறது. ஒவ்வொருவருக்கும் நூறு கலம் நெல் பங்கு. அந்த நெல்லை அளித்த ஊர்களின் நிலமும், நீர் பாய்ந்த வாய்க்காலும் வேறு கல்வெட்டுகளில் உள்ளன. இவை ஒரே நிலவரைபடத்தில் இணையும்போது, எந்த வயலின் நெல் எந்தக் கலையை வளர்த்தது என்ற கேள்விக்கு விடை தேட முடியும். இன்றைய வருவாய்க் கிராமப் பெயரையும் பழைய நாட்டுப் பெயரையும் இணைக்கும் பொதுப் பெயரகராதி இதற்கு முதல் தேவை.

இணைப்பின்மையின் இழப்பை மிகத் தெளிவாகக் காட்டுவது திருவெண்காட்டு இடபவாகன தேவர். தலைமுடியைப் பாம்புச் சுருளெனத் தலைப்பாகையாக முடிந்து, ஒரு காலை மறுகாலுக்குக் குறுக்கே ஊன்றி, வலக்கையை அருகில் நின்ற விடையாகிய காளையின்மேல் சாய்த்த நிலையில் வார்த்த அத்திருமேனி, தொகுதி தொகுதியாகப் புதையலில் வெளிப்பட்ட பின், 1951இல் தொடங்கப்பட்ட தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்துக்கு வந்தது. விடை இன்று அதனுடன் இல்லை. கை வெறும் வெளியில் நிற்கிறது. அத்திருமேனி 1011இல் எழுந்தருளுவிக்கப்பட்டதைக் கூறும் கல்வெட்டோ ஏறத்தாழ நூறு கிலோமீட்டருக்கு அப்பால் திருவெண்காட்டுக் கோயில் சுவரில் உள்ளது. நாளும் ஆண்டும் உறுதியாகத் தெரிந்த சோழர் திருமேனிகள் மிகச் சில. அவற்றுள் ஒன்றின் சான்றும் பொருளும் இரு வேறு நிருவாகங்களின் கையில் பிரிந்து கிடக்கின்றன. பாதுகாப்பின் பொருட்டுத் திருவாரூர் உலோகத் திருமேனிகள் பாதுகாப்பு மையத்தில் வைக்கப்பட்டுள்ள சிற்றூர்த் திருமேனிகளுக்கும் இதே பிரிவு நேர்ந்திருக்கிறது: திருமேனி மையத்தில், அதன் கல்வெட்டும் திருவிழாவும் நினைவும் ஊரில்.

இந்தியத் தொல்லியல் துறையிடம் கல்வெட்டு மைப்படிகளும், இந்து சமய அறநிலையத் துறையிடம் திருமேனிகளும், பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திடம் பழைய படங்களும், தமிழ்ப் பல்கலைக்கழகத்திடமும் சரஸ்வதி மகாலிடமும் சுவடிகளும் அவற்றைப் படிக்கும் அறிவும் உள்ளன. இவற்றுள் எதுவும் தன் தரவை மற்றொன்றிடம் ஒப்படைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் மாறாத ஒரு பதிவெண், ஊர்ப்பெயரை எழுதுவதில் ஒரே முறை, தமிழில் தேடத்தக்க விவரக் குறிப்பு, அந்தந்த ஊராட்சியிலும் கோயிலிலும் ஒரு படி என்னும் நான்கையும் ஏற்றுக்கொண்டால் போதும். புதிய கருவிகளுக்காகக் காத்திராமல், திருவெண்காட்டையும் திருவாரூர் மையத்தையும் முதலாகக் கொண்டு இவ்வமைப்புகள் கூடி இப்பணியைத் தொடங்க வேண்டும்.