மாயர் நாட்காட்டியும் 2012 அச்சமும்: ஒரு பிழைவாசிப்பின் வரலாறு

2012 டிசம்பர் 21 அன்று உலகம் அழியும் என்று மாயர்கள் கணித்து வைத்ததாக அந்த ஆண்டு முழுவதும் பேச்சு அடிபட்டது. மாயர் கல்வெட்டுகளில் அந்த நாளைத் தெளிவாகச் சுட்டுபவை இரண்டுதான்: மெக்சிகோவின் டபாஸ்கோ மாநிலத்து டோர்டுகெரோ ஆறாம் கல்வெட்டு, குவாத்தமாலாவின் லா கொரோனா படிக்கட்டு. இரண்டிலும் அழிவைப் பற்றிப் பேச்சே இல்லை. அழிவு எங்கிருந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

முதலில் கணக்கு. மாயர்களிடம் 260 நாள் சடங்குச் சுற்றும் 365 நாள் ஆண்டும் இணையாக ஓடின. இரண்டும் ஒருசேரத் தொடங்கிய இடத்துக்குத் திரும்ப 18,980 நாள், அதாவது ஏறத்தாழ 52 ஆண்டு ஆகும். மீண்டும் மீண்டும் சுழன்று வரும் நம் ஆண்டுப் பெயர்களில் வெறும் 'பிரபவ' என்று சொன்னால் எந்தப் பிரபவ என்று நமக்கு விளங்காதல்லவா, அதே இடர் அவர்களுக்கும் இருந்தது. அரசர்களின் முடிசூட்டையும் போரையும் ஐயமின்றிப் பொறிக்க உதவியது நெடுங்கணக்கு. அதில் 360 நாள் ஒரு தூன். 20 தூன் ஒரு கத்தூன். 20 கத்தூன் ஒரு பக்தூன், அதாவது 1,44,000 நாள். ஆய்வாளர் பெரும்பாலோர் ஏற்கும் இணைப்பின்படி இதன் தொடக்கம் கி.மு. 3114 ஆகஸ்ட் 11. அங்கிருந்து பதின்மூன்று பக்தூன் நிறையும் நாளே 2012 டிசம்பர் 21.

சிக்கலின் வேர் அந்தப் பதின்மூன்றில் இருக்கிறது. கணக்கின் தொடக்கமான படைப்பு நாளையே மாயர் '13 பக்தூன்' என்று எழுதினர். முந்தைய யுகம் பதின்மூன்றில் முடிந்ததென்றால் நடப்பு யுகமும் அங்கேதான் முடியும் என்பது பிற்கால ஊகம். பலெங்கே நகரத்துக் கல்வெட்டு இதை மறுக்கிறது. கி.பி. 615-இல் முடிசூடிய பகால் மன்னனின் அரியணை நாளை எதிர்காலத்துக்கு நீட்டி, 4772 அக்டோபரில் ஒரு நாளுடன் அது இணைக்கிறது. இருபது பக்தூன் நிறைந்து, எட்டு நாள் கழித்து வரும் நாள் அது! கணக்கு பதின்மூன்றைத் தாண்டி ஓடும் என்பதில் அந்த எழுத்தருக்குச் சற்றும் ஐயம் இருக்கவில்லை.

அழிவுக் கதைக்கு முதல் வித்திட்டவர் ஜெர்மானிய நூலகர் எர்ன்ஸ்ட் ஃபோர்ஸ்டெமன். மாயர் சுவடிகளில் ஒன்றான டிரெஸ்டன் சுவடியின் கணக்கைப் பிரித்து விளக்கிய மேதை அவர். அதே சுவடியின் கடைசிப் பக்கத்தில் வானிலிருந்து நீர் கொட்டும் ஓவியத்தை உலக முடிவாகப் படித்தார். பின்வந்தோர் அதைத் தொடர்ந்தனர். 1966-இல் மாயர் ஆய்வாளர் மைக்கேல் கோ தம் 'தி மாயா' நூலில் அந்த முடிவைப் பதின்மூன்றாம் பக்தூனுடன் பொருத்தினார். முதற்பதிப்பில் நாளும் 2011 டிசம்பர் 24 என்றே இருந்தது. தேர்ந்த அறிஞரின் ஒரு வாக்கியம் எத்தனை தூரம் ஓடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 1987-இல் எழுத்தாளர் ஹோசே அர்குவெயெஸ் அந்த முடிவை ஆன்மிக விழிப்பாக்கினார். 2003-இல் பூமியில் மோதும் என்று சொல்லப்பட்டு வராமல் போன 'நிபிரு' கோளையும் பிறகு 2012-க்கு மாற்றிவிட்டனர். 2009-இல் அந்த அழிவைக் காட்டும் ஹாலிவுட் படமும் வந்தது.

வரலாற்றாசிரியர் மாத்யூ ரெஸ்டாலும் கலை வரலாற்றாசிரியர் அமாரா சொலாரியும் இந்த அச்சத்தின் வேரை ஐரோப்பியக் கிறித்தவ மரபில் காண்கின்றனர். அது பொருந்துகிறது. 1562-இல் மாயர் சுவடிகளை மானி என்ற ஊரில் எரித்தவர் டியேகோ டி லாண்டா என்ற பிரான்சிஸ்கன் துறவி. அதன்பின் லத்தீன் எழுத்தில் எழுதப்பட்ட சிலாம் பலாம் நூல்களில் மாயரின் கத்தூன் குறிகளோடு கிறித்தவத் தீர்ப்புநாளும் கலந்துவிட்டது.

ஆனால் பழைய கற்கள் சொல்வது சடங்கும் அரசியலும்தான். டோர்டுகெரோ கல், பக்தூன் நிறையும் நாளில் போலோன் யோக்தே என்னும் தெய்வத்துக்கான சடங்கைக் குறிக்கிறது. அதற்குமேல் கல் சிதைந்திருக்கிறது. லா கொரோனா படிக்கட்டின் பின்னணி இன்னும் சுவையானது. 695-இல் திக்கால் நகரத்திடம் தோற்ற கலக்முல் நகர மன்னன் மறு ஆண்டு லா கொரோனாவுக்கு வந்தான். சரிந்த செல்வாக்கைத் தூக்கி நிறுத்த, தன்னைப் பதின்மூன்று கத்தூன் நிறைவு கண்ட அரசனாகவும், பதின்மூன்று பக்தூன் நிறையப்போகும் காலத்தோடு தொடர்புள்ளவனாகவும் காட்டிக்கொண்டான்.

நெடுங்கணக்கில் நமக்குக் கிடைத்துள்ள கடைசிக் கல்வெட்டு நாள் தொனினா என்ற மாயர் நகரில் உள்ளது, கி.பி. 909-ஐச் சேர்ந்தது. 260 நாள் சுற்றை மட்டும் குவாத்தமாலா மலைநாட்டு மாயர் இன்றும் எண்ணி வருகின்றனர். நெடுங்கணக்கின்படி அடுத்த பக்தூன் நிறைவது 2407 மார்ச் 26 அன்று.