கல்லெழுத்தும் பனியன் துணியும்



உச்சி வெயிலில் காயும் வெள்ளை வேட்டியையும், அருகே திண்ணை நிழலில் அமர்ந்திருக்கும் முதியவரின் முகத்தையும் நம் கண் ஒருங்கே காண்கிறது. கேமராவுக்கோ அது எளிதன்று. வேட்டிக்கேற்ப ஒளியைக் குறைத்தால் முகம் இருண்டுவிடும். முகத்துக்கேற்பக் கூட்டினால் வேட்டி வெறுந்தாளாகிவிடும். இவ்விடரைக் கடக்க மனிதன் செய்த முயற்சிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு.

சின்னாட்களுக்கு முன், நெருப்பெரிச்சலில் என்னிடம் பயின்ற இளைஞர் ஒருவர் என் இல்லத்துக்கு வந்தார். பனியன் கம்பெனிகளுக்குப் படமெடுத்துக் கொடுப்பது அவர் தொழில். வெள்ளைத் துணியை விரித்துக் காட்டும் தொழிலாளி ஒருவரை அவர் படமெடுத்திருந்தார்.

"ஐயா, கேமரா தானே முடித்துத் தந்த படத்தில் முகமும் தெரிகிறது, துணியின் கண்ணிகளும் தெரிகின்றன. மூலப்பதிவைக் கணினியில் திறந்தாலோ எல்லாம் இருண்டு கிடக்கிறது. வெளிச்சத்தைக் கூட்டினால் கண்ணிகள் மறைந்துவிடுகின்றன. கண்ணி தெரியாத படத்தை வாங்குபவர் ஏற்கமாட்டார், முகம் தெரியாத படத்தை அந்தத் தொழிலாளியிடம் காட்ட எனக்கு மனம் வரவில்லை" என்றார்.

வரலாற்று ஆசிரியனாகிய எனக்கு உடனே தஞ்சைப் பெரிய கோயில் நினைவுக்கு வந்தது. லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயக் கேப்டன் 1856-ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பெற்றார். தஞ்சை, மதுரை, திருச்சிராப்பள்ளி முதலிய ஊர்களில் அவர் எடுத்த படங்கள் 1858-இல் தொகுதிகளாக வெளிவந்தன. மெழுகூட்டிய தாளே அவருக்கு நெகடிவ். பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியிலுள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக்கி, அவற்றை ஒட்டி, 19 அடிக்கும் மேல் நீண்ட ஒரே சுருளாக அமைத்தார்.

அக்காலத்து வெள்ளி உப்புகள் நீல ஒளியையே மிகுதியாக உணர்ந்தன. ஆதலின் கல்லின் நுணுக்கம் பதியுமளவு ஒளியை விட்டால், வானம் அளவு மீறிப் பதிந்து, அச்சில் வெறும் வெண்மையாய் நின்றது. டிரைப் என்ன செய்தார்? சில நெகடிவ்களின்மேல் வண்ணம் தீட்டி, மேகங்களைத் தாமே உண்டாக்கினார். அவை அழகியவைதாம். ஆனால் அம்மேகங்களைக் கொண்டு அன்றைய வானிலையை ஆராயப் புகுவோர் ஏமாந்துபோவர். கல்லெழுத்து சான்று, மேகம் கைவேலை.

1890-இல் ஹர்ட்டர், டிரிஃபீல்டு என்னும் இருவர், ஒளியின் அளவுக்கும் நெகடிவில் படியும் வெள்ளியின் அடர்த்திக்கும் உள்ள தொடர்பை ஒரு வளைகோடாக வரைந்து காட்டினர். அக்கோடு நடுவில் நேராக ஏறி, மேல்முனையில் மெல்ல வளைந்து அடங்கும். ஆதலின் மிகு வெளிச்சம் திடீரென மறைந்துபோவதில்லை. இன்றைய மின்னணுக் கேமராவின் உணரியில் அவ்வளைவு இல்லை. நிறைந்த குடம் வழிவதுபோல், எல்லை கடந்த ஒளி வீணாகிறது.

இதைத் தடுக்கவே சில கேமராக்களில் ஓர் ஏற்பாடு உண்டு. இளைஞரின் ஃபியூஜி கேமராவோடு வந்த கையேட்டை இருவரும் சேர்ந்து படித்தோம். டி.ஆர். 200 என்று வைத்தால், கருவி வழக்கத்தில் பாதியளவாகப் பதிந்துகொள்கிறது. பின்னர்த் தான் முடித்துத் தரும் படத்தில் நிழலையும் நடுத்தர ஒளியையும் உயர்த்தி, மிகு வெளிச்சத்தை மட்டும் அடக்கிவைக்கிறது. மூலப்பதிவோ உயர்த்தப்படாமலே கிடக்கிறது.

"எந்த அமைப்பில் எடுத்தாய், தம்பி?" என்று கேட்டேன். டி.ஆர். 200 என்றார். அவர் எல்லாவற்றையும் ஒரே சீராக இருமடங்காக்கியதால்தான் வெண்துணி எல்லை கடந்தது. மூலப்பதிவு 14 பிட் அளவினது. அதில் 16,384 ஒளிப்படிகள் அடங்கும். முடித்த ஜேபெக் படத்திலோ ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே. ஆகவே திருத்துவதற்கு இடம் நிரம்ப இருந்தது. அவர் ஒளியை ஒரு படிநிலை உயர்த்தி, வளைகோட்டின் மேல்முனையை மட்டும் கீழே வளைத்தார். கண்ணிகள் ஒவ்வொன்றாய்த் தெளிந்தன. நிழலிலிருந்த முகமும் புலப்பட்டது. எதையும் வரைந்து சேர்க்கவில்லை. பதிவில் இருந்ததே வெளிவந்தது.

மாணவர்களே! நாளை உங்கள் படங்களும் பிறருக்குச் சான்றாகலாம். ஆகவே மூலப்பதிவை அழிக்காதீர்கள். எந்த அமைப்பில் எடுத்தீர்கள், எதை மீட்டீர்கள், எதைச் சேர்த்தீர்கள் என்பதைக் குறித்துவையுங்கள். உள்ளதை விளக்குவது திருத்தம். இல்லாததை ஏற்றுவது புனைவு. இரண்டுக்கும் இடமுண்டு, ஒன்றை மற்றொன்றாகக் காட்டுவதுதான் தவறு.