நொதியைப் பெற்ற கிருமி, நொதியை இழந்த கிருமி

மருந்துக்கு அடங்காத கிருமி என்றதும், மருந்தை முறிக்கும் ஏதோ ஒன்றை அது புதிதாகப் பெற்றுவிட்டது என்றுதான் நினைக்கிறோம். பென்சிலினைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரி. காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோநியசிட் மருந்தில் கதை தலைகீழ். அங்கே கிருமி தன் சொந்த நொதி ஒன்றைக் கெடுத்துக்கொண்டு பிழைக்கிறது.

முதலாவதை விளக்குவது எளிது. பென்சிலின் குடும்பத்து மருந்துகளின் உயிர்நாடி நான்கு அணுக்களாலான ஒரு வளையம். பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதி நீரைச் சேர்த்து அந்த வளையத்தை உடைக்கிறது. பிறகு மருந்தால் கிருமியின் செல்சுவர்ப் பணியைத் தடுக்க முடியாது. ஆபிரகாமும் செயினும் இந்த நொதியைப் பற்றி எழுதியது 1940இல். பென்சிலின் மருத்துவமனைகளுக்கு வருவதற்கு முன்பே! இதற்கான மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் எனும் டிஎன்ஏ வளையத்தில் ஏறி, ஓர் இனக் கிருமியிலிருந்து வேறோர் இனத்துக்குத் தாவுகிறது. கார்பபெனம் மருந்துகளையும் உடைக்கும் என்டிஎம்-1 இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதன் பரவலை 2010இல் உலகுக்குக் காட்டிய ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி.

ஐசோநியசிட்டின் கதை நுரையீரலுக்குள் தொடங்குகிறது. காசநோய்க் கிருமியை விழுங்கும் நம் வெள்ளணுக்கள் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற பொருள்களால் அதைத் தாக்குகின்றன. இதுதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம். கேட்ஜி என்ற நொதி அந்தப் பெராக்சைடைச் சிதைத்துக் கிருமியைக் காக்கிறது. ஐசோநியசிட்டோ கிருமிக்குள் நுழையும்போது செயலற்ற நிலையில் இருக்கிறது. அதைச் செயல்படவைப்பதும் இதே கேட்ஜிதான். அப்போது உருவாகும் பொருள், கிருமியின் மெழுகுறைக்குத் தேவையான மைக்கோலிக் அமிலத் தயாரிப்பை நிறுத்திவிடுகிறது. தன்னைக் காக்கும் நொதியாலேயே கிருமி சாகிறது.

1952இல் மருந்து புழக்கத்துக்கு வந்தது. இரண்டே ஆண்டுகளில், அதை எதிர்க்கும் கிருமிகள் பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் ஆற்றலை இழந்திருப்பதை ஆய்வாளர் மிடில்புரூக் கவனித்தார். சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் சிகிச்சை ஆய்வு மையத்தின் பணியும் இதைத் தொட்டது. 1960இல் சுப்பையா, மிட்சிசன், செல்கன் மூவரும் இந்திய, பிரிட்டிஷ் கிருமிகளைப் பெராக்சைடில் சோதித்து ஒப்பிட்டார்கள். இந்த இழப்பு ஏன் எதிர்ப்பைத் தருகிறது என்பதற்கு மரபணு அளவில் விடை கிடைக்க 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கேட்ஜியை முழுதாக இழந்த கிருமி மருந்திடமிருந்து தப்பும். ஆனால் வெள்ளணுவின் பெராக்சைடுக்கு முன் பலவீனப்படும். அப்படியானால் இந்த எதிர்ப்பு தானாக மங்கிப்போயிருக்க வேண்டும். மங்கவில்லை. சில கிருமிகள் அஹ்ப்சி என்ற வேறொரு நொதியைக் கூட்டி இழப்பை ஈடுகட்டுகின்றன. நோயாளிகளிடம் மிகுதியாகக் காணப்படும் மாற்றமோ இன்னும் நுட்பமானது. கேட்ஜியின் 315ஆம் இடத்தில் இருக்கும் செரின் என்ற அமினோ அமிலம் திரியோனினாக மாறுகிறது, அவ்வளவுதான். மருந்தைச் செயல்படவைக்கும் திறன் வெகுவாகக் குறைகிறது; பெராக்சைடைச் சிதைக்கும் திறன் பெருமளவு மிஞ்சுகிறது. என் பார்வையில் அதிகம் அஞ்ச வேண்டியது இதுதான். கிட்டத்தட்ட எதையும் விலையாகக் கொடுக்காமல் கிருமி தப்பிவிடுகிறதே!

எதிர்கொள்ளும் வழியும் வேறுபடுகிறது. பீட்டா-லாக்டமேஸ் இருந்தால் அதை முடக்கும் கிளாவுலானிக் அமிலத்தை அமாக்சிசிலினோடு சேர்த்துக் கொடுக்கலாம். என்டிஎம்-1 போன்ற துத்தநாக நொதிகளிடம் மட்டும் அது பலிக்காது. கேட்ஜி கெட்ட கிருமியில் முடக்குவதற்கு என்ன இருக்கிறது? அதனால் மருந்துக் கூட்டணியைத்தான் மாற்ற வேண்டியிருக்கிறது. ஐசோநியசிட்டுக்குப் பதில் லெவோஃபிளாக்சசின் வருகிறது. கேட்ஜி மரபணுவின் மாற்றம் பிளாஸ்மிட்டில் ஏறித் தாவாது. குறைபட்ட சிகிச்சையில் தேர்வாகி, பிறகு இருமல் வழியே ஆளுக்கு ஆள் பரவும்.

எனவே முதலிலேயே கண்டறிவதுதான் வழி. பரவலாகச் செய்யப்படும் ஜீன்எக்ஸ்பர்ட் விரைவுச் சோதனை ரிஃபாம்பிசின் எனும் மற்றொரு காசநோய் மருந்துக்கான எதிர்ப்பைத்தான் பார்க்கிறது, கேட்ஜியைப் பார்ப்பதில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது காசநோய் உறுதியாகி, ரிஃபாம்பிசின் வேலை செய்யும் என்று அறிக்கை வந்தாலும் அதோடு நின்றுவிடாதீர்கள். ஐசோநியசிட்டுக்கான சோதனையும் ஆயிற்றா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.