மலை மரம் தொட்டிக்கு வந்த கதை



ஜப்பான் நாட்டிலே போன்சாய் என்கிற குட்டை மரம் வளர்ப்பது பழைய தொழில். 1923-ல் பெரும் பூகம்பம் டோக்கியோவைப் பாழாக்கியது. அங்கிருந்த தொழில்காரர்கள் சிலர் நல்ல மண்ணும் தண்ணீரும் தேடிப் போய், 1925-ல் ஓமியாவில் குடியேறினார்கள்.

அந்தக் காலத்திலே ஷிம்பாக்கு என்ற மலை மரத்துக்கு ஏகக் கிராக்கி. பாறைச் சரிவிலே கயிறு கட்டி இறங்கி, உயிரைப் பணயம் வைத்துத் தோண்டி வந்தார்கள். ஆனால் தோண்டுவது பாதி வேலைதான்; பிழைக்க வைப்பதே மீதி.

ஏன் என்று கேட்பீர்கள். தோண்டும்போது வேர் அறுந்துபோகிறது. இலை கேட்கிற தண்ணீரை மிச்ச வேரால் கொடுக்க முடியாது. அதனால் நீர் தேங்காத பொடிக்கல்லில் நட்டு, ஆடாமல் கட்டி, நிழலில் வைத்து, இலைக்கு நீர் தெளிக்க வேண்டும். புது வேர் ஓடும்வரை உரம் கூடாது. கிளையையும் கழிக்கக் கூடாது. இலை சமைக்கிற உணவில்தானே வேர் வளருது! இந்த மரம் செத்த பிறகும் சில வாரம் பச்சையாகவே நிற்கும். பச்சையை நம்பி ஏமாறாமல், ஒன்றிரண்டு வருஷம் கை வைக்காமல் விட வேண்டும்.

தோண்டித் தோண்டி மலையும் வெறுமையாச்சு. இன்றைக்குப் பெரும்பாலும் போத்து நட்டே வளர்க்கிறார்கள். பிடுங்கி நட்ட எந்த மரத்துக்கும் பொறுமைதான் முதல் உரம்.