மண்டை நரம்புப் புற்றுநோய்களின் மருத்துவக் குறியீடு

மண்டை நரம்புப் புற்றுநோய்களின் மருத்துவக் குறியீடு என்பது மண்டை நரம்புகளில் தோன்றும் கட்டிகளை அவற்றின் இடம், இயல்பு ஆகியவற்றின் அடிப்படையில் வகைப்படுத்தி, எழுத்தும் எண்ணும் கலந்த குறிகளால் பதிவு செய்யும் முறையாகும். உலக சுகாதார அமைப்பின் பன்னாட்டு நோய் வகைப்பாடு (ஐசிடி) இதற்கு அடிப்படையாக உள்ளது. நோய்ப் புள்ளிவிவரம், காப்பீடு, புற்றுநோய்ப் பதிவகம் ஆகிய மூன்றுக்கும் இக்குறிகள் பயன்படுகின்றன. இந்நரம்புகளில் தோன்றும் கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆகையால் கட்டியின் இயல்பைச் சரியாக ஆவணப்படுத்துவது இங்கு மிகவும் முக்கியமாகிறது.

மண்டை நரம்புகளும் கட்டிகளும்

மனிதனுக்கு 12 இணை மண்டை நரம்புகள் உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவற்றை ஸ்வான் உயிரணுக்கள் உறைபோல் சூழ்ந்துள்ளன. இவ்வுயிரணுக்களிலிருந்து தோன்றும் கட்டி ஸ்வான்னோமா எனப்படுகிறது. எட்டாவது நரம்பின் சமநிலைப் பகுதியில் தோன்றும் வெஸ்டிபுலர் ஸ்வான்னோமா இவற்றுள் மிகுதியாகக் காணப்படுவதாகும். இது செவி நரம்புக்கட்டி என்றும் வழங்கப்படுகிறது. பார்வை நரம்பு உண்மையில் மூளையின் நீட்சியே ஆதலால், அதில் மூளையில் தோன்றுவதைப் போன்ற கிளையோமா வகைக் கட்டிகள் தோன்றுகின்றன. இவை பெரும்பாலும் குழந்தைகளிடம் காணப்படுகின்றன.

ஐசிடி-10 குறிகள்

1990 ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட பத்தாம் திருத்தத்தில் மண்டை நரம்புகளின் முதன்மைப் புற்றுநோய்கள் சி72 என்னும் பிரிவில் அடங்குகின்றன.

* சி72.2 - நுகர்ச்சி நரம்பு
* சி72.3 - பார்வை நரம்பு
* சி72.4 - செவி நரம்பு
* சி72.5 - பிற மண்டை நரம்புகளும் பெயர் குறிப்பிடப்படாதவையும்

இதற்கு முந்தைய ஒன்பதாம் திருத்தத்தில் இவை அனைத்துக்கும் 192.0 என்னும் ஒரே குறி இருந்தது. அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள ஐசிடி-10-சிஎம் பதிப்பில் முதல் மூன்று நரம்புகளுக்கும் வலம், இடம் என்னும் வேறுபாடு சேர்க்கப்பட்டுள்ளது. சான்றாக, வலது பார்வை நரம்பிற்கு சி72.31, இடது பார்வை நரம்பிற்கு சி72.32 ஆகும். பக்கம் குறிப்பிடப்படவில்லை எனில் சி72.30 இடப்படும்.

கட்டியின் இயல்பு

ஒரே நரம்பில் தோன்றிய கட்டி அதன் இயல்புக்கேற்ப வெவ்வேறு குறிகளைப் பெறுகிறது. தீங்கற்ற கட்டிக்கு டி33.3 இடப்படுகிறது. திசுவை ஆய்ந்த பின்னரும் இயல்பை உறுதிசெய்ய இயலாதபோது டி43.3 இடப்படுகிறது. அமெரிக்கப் பதிப்பில், மருத்துவர் இயல்பைக் குறிப்பிடாது கட்டி என்று மட்டும் எழுதியிருந்தால் டி49.7 பொருந்தும்.

வலது செவி நரம்பை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஆவணத்தில் "வெஸ்டிபுலர் ஸ்வான்னோமா" என்றிருந்தால் குறி டி33.3 ஆகும். "தீங்குடைய நரம்புறைக் கட்டி" என்றிருந்தால் அமெரிக்கப் பதிப்பில் சி72.41 ஆகும். முதலாவது நோயாளிக்குத் தவறாக சி72.41 இடப்பட்டால், புற்றுநோய் இல்லாத ஒருவர் தம் மருத்துவ வரலாற்றிலும் காப்பீட்டுப் பதிவிலும் புற்றுநோயாளியாகிவிடுகிறார். அப்பதிவைப் பார்க்கும் அடுத்த மருத்துவரும் அதை உண்மை எனக் கொள்ளக்கூடும்.

பதிவகக் குறியீடு

புற்றுநோய்ப் பதிவகங்கள் புற்றுநோயியலுக்கான பன்னாட்டு வகைப்பாட்டைப் (ஐசிடி-ஓ) பயன்படுத்துகின்றன. இதன் முதற்பதிப்பு 1976 இலும் மூன்றாம் பதிப்பு 2000 இலும் வெளியாயின. இதில் இடத்திற்கு ஒரு குறியும் கட்டியின் உருவியலுக்கு மற்றொரு குறியும் உண்டு. உருவியல் எண்ணின் இறுதி இலக்கம் இயல்பைக் காட்டுகிறது: 0 தீங்கற்றது, 1 உறுதியற்றது, 3 தீங்குடையது, 6 பிற இடத்திலிருந்து பரவியது.

இம்முறையில் வெஸ்டிபுலர் ஸ்வான்னோமாவின் இடக்குறி சி72.4, உருவியல் குறி 9560/0 ஆகும். இங்கு "சி" என்னும் எழுத்து இடத்தை மட்டுமே குறிக்கும். புற்றுநோய் என்பதைக் குறிக்காது. மருத்துவமனைக் குறிகளையும் பதிவகக் குறிகளையும் ஒன்றெனக் கொள்வோர் இவ்விடத்தில் பிழை செய்வதுண்டு.

பதிப்புகள் மாறும்போது இயல்பு எண்ணும் மாறலாம். பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா இரண்டாம் பதிப்பில் 3 என்னும் இயல்பு எண்ணையும் மூன்றாம் பதிப்பில் 1 என்னும் எண்ணையும் பெற்றது. எனவே வெவ்வேறு காலத்துப் புள்ளிவிவரங்களை ஒப்பிடுகையில் கவனம் தேவை.

தீங்கற்ற கட்டியும் மண்டையோட்டினுள் வளர்ந்து மூளைத்தண்டை அழுத்தினால் உயிருக்கு ஆபத்தாகலாம். இதனைக் கருதி அமெரிக்காவில் 2002 இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2004 சனவரி 1 முதல் மூளை, மண்டை நரம்புகள் முதலியவற்றின் தீங்கற்ற கட்டிகளும் பதிவகங்களில் சேர்க்கப்படுகின்றன.

குழப்பம் தரும் நிலைகள்

* நுகர்ச்சி நியூரோபிளாஸ்டோமா: பெயரில் நுகர்ச்சி இருப்பினும் இது மூக்கின் மேற்பகுதிப் படலத்தில் தோன்றுவது. இதற்குரிய இடக்குறி மூக்குக்குழிக்கான சி30.0 ஆகும்.
* கண் கட்டிகள்: விழித்திரை முதலிய கண் பகுதிகள் சி69 இல் அடங்கும். பார்வை நரம்பு அதில் அடங்காது.
* பரவிய புற்றுநோய்: கன்ன உமிழ்நீர்ச் சுரப்பியின் புற்று முகநரம்பு வழியே பரவினால் அது சி72.5 ஆகாது. முதன்மை இடத்திற்கு சி07, பரவிய இடத்திற்கு சி79.4 என இரு குறிகள் இடவேண்டும்.

ஆவணப்படுத்தல்

குறியிடுபவர் நோயை அறுதியிடுவதில்லை. மருத்துவர் எழுதியதையே குறியாக மாற்றுகிறார். ஆகவே நரம்பின் பெயர், பக்கம், திசு ஆய்வின் முடிவு, கட்டி முதன்மையானதா பரவியதா என்னும் விவரம் ஆகியவை ஆவணத்தில் இடம்பெற வேண்டும். இருபுறமும் செவி நரம்புக்கட்டி இருப்பின் நியூரோபைப்ரோமாட்டோசிஸ் இரண்டாம் வகை என்னும் மரபுநோய் உள்ளதா என்பதையும் மருத்துவர் குறிப்பிட வேண்டும். நியூரோபைப்ரோமாட்டோசிஸ் வகைகளுக்குப் பொதுவாக ஐசிடி-10 இல் கியூ85.0 என்னும் குறி உண்டு.

அமெரிக்க விதிகளின்படி, புறநோயாளி ஆவணத்தில் "ஐயத்திற்குரியது" என்று எழுதப்பட்ட நோயை உறுதியான நோயாகக் குறியிடக்கூடாது; அறிகுறியை மட்டுமே குறியிடலாம். விவரம் தெளிவாக இல்லையெனில் ஊகிக்காது மருத்துவரிடமே கேட்டறிதல் வேண்டும். அமெரிக்க மருத்துவமனைகளுக்கான இப்பணி சென்னை முதலிய இந்திய நகரங்களிலும் நடைபெறுவதால், நோயாளியைப் பார்த்திராத குறியீட்டாளருக்கு ஆவணம் ஒன்றே சான்றாகும்.

இவற்றையும் பார்க்க

* மண்டை நரம்புகள்
* பன்னாட்டு நோய் வகைப்பாடு
* மூளைக் கட்டி