தரைக்கு அடியில் இருந்து வந்த விஷம்

தென் கொரியாவில் குளிர்காலம் கடுமையானது. சியோலில் மைனஸ் 10 டிகிரி என்பதெல்லாம் அங்கே சர்வசாதாரணம். அதற்கு அந்த மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்த வழிதான் ஒன்டோல். அடுப்பின் சூட்டையும் புகையையும் படுக்கை அறையின் தரைக்கு அடியில் ஓடவிட்டு, மறுபக்கம் புகைபோக்கி வழியாக வெளியேற்றுவார்கள். மேலே கற்பலகை, களிமண், எண்ணெய் தடவிய காகிதம். கதகதப்பான தரையிலேயே படுத்துத் தூங்கலாம். அருமையான யோசனை!

1950-53 போருக்குப் பிறகு மலைகள் மொட்டையாகி, விறகுக்குத் தட்டுப்பாடு வந்தது. அந்த இடத்தைப் பிடித்தது யொன்தான். நிலக்கரித் தூளை உருளையாக அழுத்தி, துளைகள் போட்ட கட்டி. மலிவானது, மணிக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். வில்லங்கமே அதில்தான். போதிய காற்றில்லாமல் மெதுவாகக் கனலும் கரி கார்பன் மோனாக்சைடை நிறையவே உண்டாக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தரையில் மெல்லிய விரிசல் விழுந்தாலே போதும். குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்துக்கொண்டு தூங்கிய குடும்பங்கள் காலையில் எழுந்திருக்கவில்லை. குளிர்காலம்தோறும் செய்தித்தாள்களில் இதே சாவுச் செய்திதான்.

மயங்கியவருக்கு முள்ளங்கி ஊறிய கிம்ச்சித் தண்ணீரைக் கொடுப்பது வீட்டு வைத்தியம். அதனால் பயன் இல்லை என்பது ஒருபுறம், நினைவில்லாதவர் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும் என்பது அதைவிட மோசம். மருத்துவமனைகளில் உயர் அழுத்த ஆக்சிஜன் அறைகள் வந்த பிறகுதான் பலர் பிழைத்தார்கள்.

உண்மையான தீர்வு மருத்துவத்தில் இல்லை, குழாயில் இருந்தது. புகைக்குப் பதிலாக வெந்நீரைத் தரைக்கு அடியில் ஓடவிட்டார்கள், பிறகு எரிவாயு பாய்லர் வந்தது. 1988இல் 78 சதவீத வீடுகளில் இருந்த யொன்தான், 1993இல் 33 சதவீதமாகி, 2001இல் சுமார் 2 சதவீதத்துக்கு இறங்கியது. ஆக்சிஜன் அறைகளும் தேவையில்லை என்று குறைந்துபோயின.

அதோடு கதை முடியவில்லை. 2018 டிசம்பரில் காங்நுங் என்ற கடற்கரை ஊருக்குச் சுற்றுலா வந்த பள்ளி மாணவர்கள் 10 பேர் ஒரு விடுதியில் மயங்கிக் கிடந்தார்கள். பாய்லரின் புகைக்குழாய் இணைப்பு விலகியிருந்தது. எச்சரிக்கைக் கருவி இல்லை. மூன்று பேர் இறந்தார்கள். சிலரை ஆக்சிஜன் அறை இருந்த வொன்ஜு நகரத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. 2020 ஆகஸ்டில்தான், புதிதாக எரிவாயு பாய்லர் பொருத்தினால் கூடவே கார்பன் மோனாக்சைடு அலாரமும் பொருத்தியாக வேண்டும் என்ற விதி அங்கே அமலுக்கு வந்தது.