சாரணன் எந்த நாட்டுக்கு வாக்குறுதி கொடுப்பான்?



'சாரணர்' என்ற சொல் தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில், கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் அரங்கத்தை அடுத்த சோலையில் தங்கியிருக்கும்போது அவ்விடம் சாரணர் வருகிறார்கள். வான்வழியே செல்லும் ஆற்றல் பெற்ற சமண முனிவர்கள் அவர்கள். அகராதியைப் புரட்டினால் அதே சொல்லுக்கு ஒற்றர் என்றும் பொருள் கிடைக்கும். முனிவருக்கும் ஒற்றருக்கும் பொதுவாக இருந்த இந்தச் சொல்லைத்தான் இருபதாம் நூற்றாண்டுத் தமிழ், காக்கிச் சட்டையும் கழுத்துப்பட்டியும் அணிந்த பாடசாலைப் பிள்ளைகளுக்கு வழங்கியது. ஆங்கிலத்தில் 'ஸ்கவுட்' என்பதும் படைக்கு முன்னே சென்று வேவு பார்ப்பவனைக் குறித்த சொல்தான். ஆகவே, அறநெறியா படைப்பயிற்சியா என்ற இழுபறி இந்த இயக்கத்தின் பெயரிலேயே இருக்கிறது.

இன்று நான் சொல்ல விரும்புவது சாரணச் சிறுவர்களின் கதையை அன்று. அவர்களை வழிநடத்திய பெரியவர்களின் கதையை. கூலி வாங்காமல் சனிக்கிழமைகளைக் கொடுத்த ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், பாதிரிமார், ஓய்வுபெற்றவர்கள் ஆகியோர் தமக்குள் ஓயாமல் வாதிட்டார்கள். தொப்பியா தலைப்பாகையா, அரசனுக்கு விசுவாசமா தாய்நாட்டுக்கா, பெண்பிள்ளைகளைச் சேர்ப்பதா வேண்டாமா என்று நூறாண்டுக்கு மேலாக அந்த வாதங்கள் நடந்து வந்துள்ளன. அவற்றை நான் பொகவந்தலாவையில் இருந்து பார்க்கிறேன். ஏன் இங்கிருந்து என்பது போகப் போக விளங்கும்.

பொகவந்தலாவை தேயிலை வியாபாரிகளுக்குப் 'பொன் பள்ளத்தாக்கு'. புகைப்படக் கலையின் வரலாறு படித்தவர்களுக்கோ, 1879இல் மறைந்த ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் அடக்கம் செய்யப்பட்ட ஊர். அவருடைய கல்லறைக்குப் பெயர்ப்பலகை உண்டு. இந்த மலைகளைத் தேயிலையாக்கியவர்களுள் பெரும்பாலோருடைய புதைகுழிகளுக்கு அது இல்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் பூட்டப்பிள்ளைகளும்தான் எங்கள் பாடசாலைகளுக்கு வந்தார்கள்.

இலங்கையில் சாரணியம் கால்வைத்த இடம் கொழும்பு அல்ல, மாத்தளை. 1912ஆம் ஆண்டு எஃப். ஜி. ஸ்டீவன்ஸ் என்ற ஆங்கிலேயர் அங்குதான் முதலாவது சாரணர் குழுவை அமைத்தார். ஐந்தாண்டு கழித்து, 1917இல், பெண் சாரணியத்தின் முதற் குழு கண்டி பெண்கள் உயர்தரப் பாடசாலையில் தொடங்கிற்று. இரண்டும் மலையகத்துக்கு உரிய பெருமைகள். ஆனால் மாத்தளைக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய எங்கள் முன்னோர் காட்டுவழியே நடந்து வந்து சேர்ந்த இடமும் அதுவே. தண்ணீர் தேடிக் கண்டுபிடிப்பது, இரவில் திசை அறிவது, விலங்கின் தடம் பார்ப்பது, நோயுற்றவனைத் தூக்கிச் செல்வது என்று பின்னாளில் சாரணச் சிறுவர்கள் சின்னம் வாங்குவதற்காகப் படித்தவற்றை, அவர்கள் உயிர் பிழைப்பதற்காகச் செய்தார்கள். வழியில் விழுந்தவர் எத்தனையோ பேர். அந்தப் பாதை முடிந்த ஊரில் தொடங்கிய சாரணியம், அந்தப் பாதையில் வந்தவர்களுடைய பிள்ளைகளின் லயக் காம்பிராக்களை எட்டுவதற்கு மிக நீண்ட காலம் எடுத்தது.

இயக்கத்தின் ஸ்தாபகர் பேடன் பவல், தென்னாபிரிக்காவின் மாஃபெக்கிங் முற்றுகையில் பெயர் பெற்ற படைத்தளபதி. 1907 ஓகஸ்டில் பிரவுன்சீ தீவில் அவர் நடத்திய முதற் பாசறைக்கு ஈட்டன், ஹரோ போன்ற உயர்குடிப் பாடசாலைகளின் மாணவர்களையும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளையும் ஒருசேர அழைத்தார். சாரணன் எந்த வகுப்பைச் சேர்ந்தவனாயினும் மற்றைய சாரணனுக்குச் சகோதரன் என்பது 1908இல் வெளியான விதிகளில் ஒன்று. அன்றைய இங்கிலாந்தில் இது சிறிய காரியமன்று.

ஆனால் இரண்டு ஆண்டுக்குள் பெரியவர்களிடையே பிளவு வந்துவிட்டது. லண்டன் ஆணையாளராக இருந்த பிரான்சிஸ் வேன், இயக்கம் படைவாடை வீசுகிறது என்று கருதினார். 1909இல் பதவி இழந்த அவர் மாற்றுச் சாரணர் அமைப்பொன்றின் தலைமையை ஏற்றார். அதே 1909இல், கிறிஸ்டல் மாளிகையில் நடந்த சாரணர் அணிவகுப்புக்கு அழைப்பின்றியே சிறுமியர் சிலர் வந்து நின்றார்கள். 'எங்களுக்கு ஏன் இல்லை?' என்பதே அவர்கள் வருகையின் பொருள். பெரியவர்கள் திகைத்தார்கள்; பிறகுதான் பெண்களுக்கெனத் தனி இயக்கம் பிறந்தது.

இனி இந்தியாவுக்கு வருவோம். 1909இல் பெங்களூரில் கப்டன் பேக்கர் தொடங்கிய குழு ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியது. இந்தியப் பிள்ளைகளுக்கு வேவுக்கலையைக் கற்றுக்கொடுத்தால் அது எங்கே போய் முடியுமோ என்ற அச்சம் ஆட்சியாளருக்கு இருந்தது. எல்லா வகுப்பாருக்கும் சகோதரன் என்ற விதி கடல் தாண்டியதும் நிறம் பார்க்கத் தொடங்கிவிட்டது.

இதற்கு விடையாகச் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரும் அருண்டேலும் அவர்களைச் சேர்ந்தோரும் இந்தியச் சாரணர் சங்கத்தை அமைத்தார்கள். அவர்களுடைய சாரணர் தொப்பிக்குப் பதிலாகத் தலைப்பாகை கட்டினார்கள். 1917இல் பெசன்ட் அம்மையாரைச் சென்னை அரசு காவலில் வைத்ததும், அதே ஆண்டின் இறுதியில் அவர் காங்கிரஸ் தலைவரானதும் நேயர்கள் அறிந்தவை. அப்படிப்பட்டவர் நடத்திய சாரணர் சங்கத்தை அதிகாரிகள் எந்தக் கண்ணோடு பார்த்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம். அந்தச் சங்கத்தின் ஆரம்பப் பணிகளில் பங்குகொண்ட எஃப். ஜி. பியர்ஸ் பின்னர் நமது காலி மகிந்த கல்லூரியின் அதிபராக இருந்தார் என்பதையும் இங்கே நினைவுகூரலாம். வடக்கே மதன் மோகன் மாளவியா, குன்ஸ்ரு, ஸ்ரீராம் வாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதிச் சாரணர்களைத் திரட்டினார்கள்.

1921இல் பேடன் பவல் நேரில் வந்து சமரசம் பேசினார். பெசன்ட் அம்மையாரின் சங்கம் தாய் இயக்கத்தோடு இணைந்தது. சேவா சமிதி தனித்தே நின்றது. எது சரி? உள்ளே போய்க் கதவைத் திறப்பதா, வெளியே நின்று வேறு வீடு கட்டுவதா? இருதரப்பிலும் நாட்டுப்பற்று மிக்கவர்களே இருந்தார்கள். எனக்கு இருதரப்பின் மீதும் மதிப்புண்டு.

பதினாறு ஆண்டு கழித்து அந்தச் சமரசத்துக்குச் சோதனை வந்தது. 1937இல் டெல்லியில் பெரும் சாரணர் விழா. முதுமையெய்திய பேடன் பவல் அதற்கு வந்திருந்தார். பின்னர் அவர் இந்தியரின் குணநலனைக் குறைத்துப் பேசினார் என்றும், மானம் என்பதற்கு அவர்கள் மொழியில் சொல்லே கிடையாது என்ற பொருளில் கூறினார் என்றும் செய்தி பரவிற்று. பலர் விலகினார்கள். 1938இல் ஹிந்துஸ்தான் சாரணர் சங்கம் உருவாயிற்று.

இலக்கியம் படிக்கும் எவரும் இந்த இடத்தில் ஒரு கணம் நிற்கத்தான் வேண்டும். திருக்குறளின் தொண்ணூற்றேழாம் அதிகாரத்துக்குப் பெயரே 'மானம்'. பத்துக் குறள்கள். அந்தத் தளபதியிடம் இதைச் சொல்வதற்கு ஒரு தமிழ்ச் சாரண ஆசிரியர் அருகில் இருந்திருக்கலாகாதா என்று நான் எண்ணியதுண்டு. ஒரு சிறுவனின் மானத்தின் மேல் ஆணையிட்டு வாக்குறுதி வாங்குகிற இயக்கம் அது. அந்தச் சிறுவனின் மொழியில் மானமே இல்லை என்று நினைத்துக்கொண்டு அந்த வாக்குறுதியை எப்படி வாங்குவது? சுதந்திரத்துக்குப் பின், 1950 நவம்பர் 7இல், பிரிந்து நின்றவர்கள் ஒன்றாகிப் பாரத சாரணர் அமைப்பை ஏற்படுத்தினார்கள். அடுத்த ஆண்டு பெண் சாரணியரும் அதில் சேர்ந்தனர்.

இந்தியாவின் வழக்கு அவ்வாறு தீர்ந்தது. நமது வழக்கு அப்போதுதான் தொடங்கியது. கடவுளுக்கும் நாட்டுக்கும் கடமை செய்வேன் என்பது சாரணரின் வாக்குறுதி. 'நாடு' என்ற அந்தச் சொல்லில்தான் மலையகத்துப் பிள்ளையின் கால் இடறியது. 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் அதையடுத்து 1949இல் வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக, வாக்கற்றவர்களாக ஆக்கின. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் மக்களை எண்ணிப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் இளம் ஆசிரியன். இந்தப் பள்ளத்தாக்கின் பாடசாலையொன்றில் சாரணர் குழு அமைக்க நாங்கள் சிலர் கூடினோம். கூட்டத்தில் முதலில் எழுந்த கேள்வி சீருடைச் செலவு பற்றியது. நாட்சம்பளத்தில் வாழும் குடும்பம் காக்கித் துணிக்கும் சப்பாத்துக்கும் எங்கே போகும்? கழுத்துப்பட்டி மட்டும் போதும் என்றார் ஒருவர். சப்பாத்து இல்லாத சாரணனை மாவட்டப் பாசறையில் மற்றவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்றார் இன்னொருவர். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அடுத்த கேள்விதான் எங்களைப் பிரித்தது. தோட்டத்து மூத்த கிளாக்கர் ஒருவர், எங்களுக்கு உதவ வந்தவர், சொன்னார்: "மாஸ்டர், இதில பாதிப் பொடியனுகளோட அப்பா அம்மா இந்தியாவுக்கு எழுதிக் குடுத்திருக்காங்க. நாளைக்குக் கடிதாசி வந்தா போயிருவானுக. இவனுகள எந்த நாட்டு மேல சத்தியம் பண்ணச் சொல்லப் போறீங்க?"

அவர் கேலி செய்யவில்லை; உண்மையாகவே கவலைப்பட்டார். பொய்ச் சத்தியம் வாங்கக்கூடாது என்பது அவர் கட்சி. கடிதாசி வரும்வரை பொறுத்திருப்போம் என்றார் மற்றொருவர். எங்களில் வயதில் மூத்த ஆசிரியர் கடைசியாகப் பேசினார்: "ஐயா, அவன் எந்த ஆத்துத் தண்ணியைக் குடிக்கிறான்? கெசல்கமு ஓயாத் தண்ணி. அதைச் சுத்தமா வச்சுக்கிடுவேன்னு சத்தியம் பண்ணட்டும். நாட்டுக்கு அதைவிடப் பெரிய கடமை என்ன இருக்கு? அரசாங்கம் தீர்க்காத கணக்கைப் பத்து வயசுப் புள்ளைக்கிட்டயா கேக்கிறது?" அதற்குமேல் யாரும் பேசவில்லை. எல்லாப் பிள்ளைகளும் வாக்குறுதி எடுத்தார்கள்.

கிளாக்கர் சொன்னதும் நடந்தது. ஒவ்வொரு வருடமும் அணியில் இடங்கள் வெறுமையாயின. தலைமன்னாருக்குப் போகும் ரயிலை எங்கள் மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றார்கள். அதில் ஏறிய பிள்ளைகளில் சிலருடைய தகரப் பெட்டிக்குள் கழுத்துப்பட்டியும் போயிற்று. அக்கரையில் பாரத சாரணர் அவர்களைச் சேர்த்துக்கொண்டார்களோ என்னவோ. முடிச்சுப் போடவும் முதலுதவி செய்யவும் கற்றது வீண் போயிருக்காது. இங்கு தங்கியவர்களின் பிரச்சினைக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் வந்து வழி செய்தன. 1948இலிருந்து கணக்கிட்டால் 55 ஆண்டுகள். பத்து வயதில் வாக்குறுதி எடுத்த பிள்ளைகளில் பலர், அதில் சொன்ன நாட்டின் பிரஜையாவதற்கு நரை காண வேண்டியிருந்தது.

இவ்வாறான வாதங்கள் நமக்கு மட்டும் உரியவை என்று எண்ண வேண்டாம். பிரித்தானியாவில் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் ஒரு வாக்குறுதி வாசகம் 2014இல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் தன்பாலின ஈர்ப்புடைய ஒருவரைத் தலைவராக ஏற்க மறுக்கும் உரிமை சாரணர் சங்கத்துக்கு உண்டு என உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. 2015இல் சங்கமே அந்தத் தடையை நீக்கியது. பிறகு சிறுமியரையும் சேர்த்தது. 2025 பெப்ரவரியில் பெயரையும் மாற்றிக்கொண்டது.

ஆனால் அந்தச் சங்கத்தின் கதையில் நம்மைத் திடுக்கிட வைப்பது வேறொன்று. யாரை உள்ளே விடக்கூடாது என்று பெரியவர்கள் பல பத்தாண்டுகள் வாதாடிக்கொண்டிருந்த அதே காலத்தில், ஏற்கெனவே உள்ளே இருந்த சில பெரியவர்கள் பிள்ளைகளைச் சீரழித்தார்கள். அது பற்றிய கோப்புகள் இரகசியமாகப் பூட்டப்பட்டிருந்தன. சங்கம் 2020இல் வங்குரோத்து நிலையை அறிவித்தபின், 82,000க்கு மேற்பட்டோர் தமக்கு நேர்ந்த கொடுமைக்காக நட்டஈடு கோரினர். வாசலைக் காத்தவர்கள் வீட்டுக்குள் பார்க்கவில்லை.

இந்த வரலாற்றிலிருந்து எனக்குத் தெரிவது இது. வாதம் நல்லது. வாதிடாத இயக்கம் படையாகிவிடும். வேன் அதற்குத்தான் அஞ்சினார். ஆனால் பெரியவர்களின் வாதம் எதைப் பற்றியது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். தலைப்பாகை, தொப்பி, நிறம், கடிதாசி, சப்பாத்து ஆகிய எல்லாவற்றிலும் வாசலில் நின்ற பிள்ளையைத் திருப்பி அனுப்புவதற்கு ஒரு காரணம் கிடைக்கத்தான் செய்தது. அந்தக் காரணங்களில் காலத்தைத் தாண்டி நின்றது ஒன்றுமில்லை. உள்ளே வந்த பிள்ளை பத்திரமாக இருக்கிறதா, வந்ததால் நிமிர்ந்து நிற்கிறதா என்ற வாதம் மட்டுமே இன்னும் பழசாகவில்லை.

மலையகத்தின் சாரண ஆசிரியர்களுக்கு இன்றும் சனிக்கிழமைக்குச் சம்பளம் கிடையாது. அவர்கள் எந்தத் தோட்டத்தில், எந்தப் பாடசாலை முற்றத்தில் கூடி வாதிட்டாலும், பேச்சைத் தொடங்குமுன் வெளியே சப்பாத்தில்லாமல் நிற்கிற பிள்ளையை முதலில் உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கட்டும். பிறகு வேண்டிய மட்டும் வாதிடலாம்.